பின் சீட்டிலிருந்து பார்த்த புதுக் கார்கள்

எஸ்தருக்கும் சாமுவேலுக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் என்னைச் சென்னையில் கார் கண்காட்சிக்கு அழைத்துக்கொண்டு போனீர்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு வண்டியும் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. "அப்பா, காலமெல்லாம் வண்டி ஓட்டுனவிய நீங்க. எது நல்லாருக்குன்னு சொல்லுங்க" என்று எஸ்தர் கேட்டாள். நான் ஒவ்வொரு வண்டியிலும் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். சாமுவேலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பானெட்டத் தொறக்காம கார் பாக்குத டிரைவர் எங்கப்பா ஒருத்தர்தான்" என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் சொன்னான்.

எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு பேரும் ஏன் அப்படி என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியில் யாருக்காவது போன் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில். அந்தச் சிவப்பு வண்டி பார்க்க அழகு, முன்பக்கம் புலி உறுமுகிற மாதிரி இருந்தது. ஆனால் பின் ஜன்னல் வர வர மேலே ஏறிப் போகிறது. பின்னால் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் அதற்கு வானம் மட்டும் தெரியும், வழியில் போகிற ஆடு மாடு தெரியாது. வெளியே பார்க்க முடியாத பிள்ளை வாந்தி எடுக்கும். அடுத்ததில் பின் கண்ணாடி பாதி வரைதான் இறங்கியது. அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன். ஏ.சி. இருக்கிறதே சார் என்று சொன்னது. குமட்டிக்கொண்டு வருகிற ஆளுக்கு ஏ.சி. எதற்கு? தலையை வெளியே நீட்ட இடம் வேண்டும். ஜீப்பு மாதிரி உயரமாக நின்ற கறுப்பு வண்டியில் ஏறுவதற்கு இரும்புப் படி வைத்திருக்கிறார்கள். அதை வரைந்தவர் சேலை கட்டி ஏறிப் பார்த்திருக்க மாட்டார். கொசுவம் மாட்டும். எஞ்சினைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இன்றைக்கு வருகிற எஞ்சின் எல்லாமே நல்ல எஞ்சின்தான். வண்டிக்கு வண்டி வித்தியாசம் பின்னால்தான் இருக்கிறது.

இப்படிப் பார்க்க நான் கற்றுக்கொண்டது கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சியிடம் வேலை பார்த்தபோது. நம் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம், நாளைக்குப் பேரப்பிள்ளைகள் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் லாரியில் கிளீனராக இருந்ததும், லைசென்ஸ் எடுத்ததும், உங்கள் அம்மா பலமுறை சொல்லிக் காட்டிய கதை. அதை விட்டுவிடுகிறேன்.

அண்ணாச்சிக்கு வண்டி என்றால் உயிர். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மதுரைக்குப் போனால் கார் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். காலையில் நான் தண்ணீரும் ஆயிலும் பார்த்து, ஈரத்துணியால் வண்டியைத் துடைத்து வைத்திருக்க வேண்டும். உலர்ந்த துணியால் தொடக்கூடாது. கரிசல் தூசி வர்ணத்தைக் கீறிவிடும், அது அவர் போட்ட சட்டம். பிறகு அவர் வருவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். நாலு டயரையும் கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பானெட்டில் விரலால் இரண்டு தட்டு. அப்புறம் எனக்குப் பக்கத்தில் முன் சீட்டில் ஏறி, "ம்" என்பார். அதுதான் எனக்கு உத்தரவு. "போ" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பின் சீட்டில் உட்கார மாட்டார். "பின்னால இருந்தா ரோடு எங்கலே தெரியுது? அது மூட்டைக்கும் பொம்பளையளுக்கும் உள்ள இடம்" என்பார்.

பின்னாலிருந்து பாக்கியத்தக்காவின் குரல் வரும். அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மா. "ஆமா, நாங்க மூட்டைதான். மூட்டை சொல்லுது, வண்டியக் கொஞ்சம் மெதுவா விடு ஞானமுத்து. குண்டு குழியெல்லாம் மூட்டைக்குத்தான் தெரியுது."

அண்ணாச்சி சிரிப்பார். நான் மெதுவாக விடுவேன்.

ஒரு ஐப்பசி மழையில் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் புஞ்சைக்கு நடுவே போகிற ஊடுபாதையில் போய் மாட்டிக்கொண்டோம். கரிசல் மண் நனைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் தார் ரோட்டில் வளர்ந்தவர்கள். சக்கரம் மண்ணை வாரிக்கொண்டு சுற்றும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைந்து, கடைசியில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பருத்திமார்க் குச்சியை ஒடித்து வைத்துக்கொண்டு, மாட்டுக்குக் குளம்பு பார்க்கிற மாதிரி குத்தவைத்து, என்னோடு சேர்ந்து மண்ணைத் தோண்டி எடுத்தார். சலிப்பு இல்லை. "பாவம்லே வண்டி, மூச்சு முட்டிப் போச்சு" என்றார். அப்படிப்பட்ட மனுசன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் பாக்கியத்தக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் கொஞ்சம் கோணியது, பேச்சு போகவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பி, மெல்ல மெல்ல ஊன்றுகோல் பிடித்து முற்றம் வரை நடக்கத் தொடங்கினார்கள். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

காரணம் கார்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் அண்ணாச்சியின் அம்பாசிடரில் அவர்களை இரண்டு ஆள் தூக்கித்தான் வைத்தோம். அதில் ஒரு ஆள் நான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது சேலை விலகும், செருப்பு கழன்று விழும், தெருவில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். திரும்பி வந்த அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னார்கள்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. ஆளு சேந்து தூக்கிட்டுப் போறது ஒரு தடவைதான். அதுக்கு இன்னும் நாள் கெடக்கு."

அதற்கப்புறம் கழுகுமலைக்குக்கூடப் போகவில்லை. தைப்பூசத்துக்குத் தவறாமல் போகிறவர்கள்.

இப்படி இருக்கும்போது அக்காவின் தங்கச்சி பொன்னுத்தாய் பசுவந்தனையிலிருந்து வந்தார்கள். அவர்கள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அந்தப் பெண் பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் கோவில்பட்டியில், அக்கா வீட்டில் இருந்துதான். அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. அந்தப் பெண்தான் பிள்ளை. பொன்னுத்தாய் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார்கள். அக்கா இடது கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "அவியள அனுப்பி வைக்கேன்" என்று அண்ணாச்சியைச் சொன்னார்கள்.

"நீ வராம எப்படிக்கா? யாரு அவளுக்கு மால எடுத்துக் குடுக்க?"

"நொண்டிக் கையால எடுத்துக் குடுக்கவா? போடி."

தங்கச்சி அழுதுகொண்டே பஸ் ஏறிப் போனார்கள். அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்கள்.

அந்தக் கார்த்திகையில்தான் கோவில்பட்டிக்கு முதல் முதலாகக் கார் கண்காட்சி வந்தது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் கடை வைத்திருக்கிற ஏஜென்டுகள் சேர்ந்து, ஒரு திடலில் பந்தல் போட்டுப் புது மாடல்களை நிறுத்தினார்கள். ஊரே திரண்டது. அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பாக்கியத்துக்குத் தோதா ஒரு வண்டி எடுத்துருவோம்லே. குலுங்காம, பஞ்சு மாதிரி" என்றார். மனசார அக்காவுக்காகத்தான் சொன்னார்.

கிளம்புகிற நேரத்தில் அடுப்படியிலிருந்து சீனியம்மாள் என்னைக் கூப்பிட்டாள். அக்காவுக்குத் துணையாக அந்த வீட்டில் இருந்த பெண். கையில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று வைத்திருந்தாள், ஒரு இடத்தில் நகத்தால் கிள்ளி மடித்து.

"ஞானமுத்தண்ணே, இதக் கொண்டு போங்க. அக்கா கட்டில்ல இருந்து தானா எந்திக்காவ. சோபாவுல உக்காந்தா எந்திக்க முடியல, நான்தான் இழுக்க வேண்டியிருக்கு. இது கட்டில் உசரம். கார் சீட்டு இந்த உசரம் இருந்தாப் போதும்."

"அண்ணாச்சி பாத்தா சிரிப்பாவளே."

"சிரிச்சா சிரிக்கட்டும். உங்க பல்லா கொட்டுது?"

ஈர்க்கைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டேன். அது தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

பந்தலுக்குள் நுழைந்ததும் அண்ணாச்சி ஒரு வெள்ளி நிற வண்டியின் முன்னால் நின்றுவிட்டார். நீளமான வண்டி, தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. சுற்றி வந்தார். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். பானெட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த விற்பனைக்காரர், டை கட்டி வேர்த்துப் போயிருந்தவர், எஞ்சினைப் பற்றிச் சொல்லச் சொல்ல அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. புத்தகத்தில் படமாகப் பார்த்ததைக் கையால் தொட்டுவிட்டார் அல்லவா.

நான் பின் கதவைத் திறந்து, ஈர்க்கைத் தரையில் ஊன்றினேன். சீட்டு எங்கேயோ கீழே கிடந்தது. மடித்த இடத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

"ஏலே ஞானமுத்து, வண்டிக்கு மை போட்டுப் பாக்கியா?" என்றார் அண்ணாச்சி. கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா கட்டில் உசரம் அண்ணாச்சி. சீனியம்மா குடுத்து விட்டுருக்கா."

நான் அடுத்த வண்டிக்குப் போனேன். ஜீப்பு மாதிரி ஒன்று. அதில் சீட்டு ஈர்க்கை விட உயரம். ஏணி வைக்க வேண்டும். இன்னொன்று சரியான உயரம், ஆனால் பின் கதவு பாதிதான் திறந்தது. கடைசி வரிசையில், யாரும் கூட்டம் போடாத மூலையில், ஒரு குட்டி வண்டி நின்றது. அகலம் கம்மி, நீளம் கம்மி, உயரம் மட்டும் கூடுதல். ஈர்க்கை ஊன்றினேன். மடிப்பு சீட்டு ஓரத்தில் வந்து பொருந்தியது. கதவு நன்றாக விரிந்தது. கூரையும் உயரம், தலை இடிக்காது. போய் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதா? தீப்பெட்டிய நிமித்தி வச்ச மாதிரில்லா இருக்கு! ஊரெல்லாம் என்ன சொல்லுவான்? தீப்பெட்டி ஆபீஸ்காரன் தீப்பெட்டியில ஏறிப் போறான்னு சொல்லுவான்."

"சொல்லுவான் அண்ணாச்சி."

"நீ என்ன சொல்லுத?"

சம்பளம் வாங்குகிற ஆளிடம் முதலாளி இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? வெள்ளி வண்டியை ஓட்ட எனக்கும் ஆசைதான். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "அந்த வண்டியில பின்னால ஒரு தடவ உக்காந்து பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் திரும்பி நடந்தார். வெள்ளி வண்டியின் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். நான் அறிய அதுதான் முதல் தடவை. முன் சீட்டின் முதுகைப் பார்த்தார். அப்புறம், நான் எதிர்பார்க்கவே இல்லை, வலது கையை எடுத்து வேட்டி மடிப்புக்குள் சொருகிக்கொண்டார். வலது காலை நீட்டிப் போட்டுவிட்டு, இடது காலை மட்டும் ஊன்றி எழப் பார்த்தார். கனத்த உடம்பு. பாதி எழுந்து மறுபடி சீட்டில் விழுந்தார். இன்னொரு தடவை. விற்பனைக்காரர் ஓடி வந்து கை கொடுக்கப் போனார். அண்ணாச்சி தலையை அசைத்து வேண்டாம் என்றார். மூன்றாம் தடவையும் முடியாமல் போன பிறகு, சொருகிய கையை வெளியே எடுக்காமலே, "ஞானமுத்து, பிடி" என்றார்.

நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்படியாலே அவள ஏத்துனோம் இறக்குனோம்" என்றார். பிறகு விற்பனைக்காரரிடம், "அந்தத் தீப்பெட்டிய வீட்டுக்குக் கொண்டாங்க. அவ உக்காந்து பாக்கட்டும்" என்றார். அது கண்காட்சிக்கென்று வைத்த வண்டி, வெளியே விட மாட்டார்கள். விற்பனைக்காரர் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். போய் யாரிடமோ பேசிவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறினார். அண்ணாச்சி எப்போதும்போல முன்னால்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அடுத்த சிக்கல். அக்கா ஊன்றுகோலோடு படி வரை வந்து, வண்டியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். "பூச போடாத வண்டியில நான் ஏற மாட்டேன்."

"இது நம்ம வண்டியே இல்ல பாக்கியம். ஏறிப் பாக்கத்தான்" என்றார் அண்ணாச்சி.

"யாரு வண்டியா இருந்தா என்ன? எலுமிச்சம்பழம் நசுக்காத சக்கரம் சக்கரமா?"

விற்பனைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு, "வைங்கம்மா. எங்க முதலாளி கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். நல்ல மனுசன். சீனியம்மாள் எலுமிச்சம்பழம் கொண்டு வந்தாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனான நான் குனிந்து நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தேன். வண்டியை ஒரு உருட்டு உருட்டி நசுக்கினேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு கதவருகே வந்து, இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கப் பார்த்தார்கள். அது எழவில்லை. மறுபடி பார்த்தார்கள். பாதம் கதவடியில் தட்டி, செருப்பு கழன்று, உடம்பு ஆடியது. நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம்.

"தொடாதிய!" என்று போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா கதவைப் பிடித்தபடி நின்றார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த வருசம் முழுக்க நான் பார்க்காத தண்ணீர்.

"இடது கால மொதல்ல வைங்கக்கா" என்றேன்.

"புது வண்டியில எவளாவது இடது கால வச்சு ஏறுவாளா? அதுவும் கல்யாணத்துக்குப் போற வண்டியில?"

கல்யாணத்துக்கு என்று அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு இன்னொன்றும் விளங்கிவிட்டது. பழைய காரிலும் இதேதான் நடந்திருக்கிறது. விழுந்து போன காலைத்தான் அவர்கள் ஒவ்வொரு தடவையும் முதலில் தூக்கப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் அதைக் கவனிக்காமல் ஆளைத் தூக்கிவிட்டோம்.

சீனியம்மாள்தான் பேசினாள். "கட்டில்ல எந்தக் கால மொதல்ல வச்சு ஏறுதிய?"

"கட்டில்ல யாருட்டி கால வச்சு ஏறுதா? உக்காரத்தான் செய்யுதோம்."

"அப்ப இங்கனயும் உக்காருங்க."

"வண்டிக்கு முதுகக் காட்டிக்கிட்டா?"

"வண்டி என்ன சாமியா?"

அக்கா அவளை முறைத்தார்கள். ஆனால் மெல்லத் திரும்பினார்கள். தெருவைப் பார்த்து, வண்டிக்கு முதுகு காட்டி நின்று, இடது கையைப் பின்னால் விட்டு சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள். உடம்பு கீழே விழவில்லை, மேலே எம்பவும் இல்லை. கட்டிலில் உட்காருவது போலவே உட்கார்ந்தார்கள். கால்கள் இரண்டும் வெளியே தரையில் இருந்தன. அப்புறம் குனிந்து, நல்ல இடது கையால் வலது காலை முழங்காலுக்குக் கீழே பிடித்து, ஒரு பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே வைத்தார்கள். இடது கால் தானாக அதன் பின்னால் உள்ளே போனது.

வலது கால்தான் முதலில் போனது. அக்கா அதைக் குனிந்து பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம்.

இனி இறங்குவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தாங்களே இழுத்துச் சாத்தினார்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்க? வண்டிய எடு" என்றார்கள்.

"எங்கக்கா?"

"பசுவந்தனைக்கு."

விற்பனைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, சாயங்காலத்துக்குள்ள பந்தல்ல வண்டி நிக்கணும்…"

"நிக்கும். பசுவந்தனை என்ன மெட்ராஸா? நீங்களும் ஏறுங்க, எங்க தங்கச்சி வீட்டுல காப்பி நல்லாருக்கும்."

அண்ணாச்சி பழக்கத்தில் முன் கதவைத் திறந்தார். அக்கா சீட்டில் தனக்குப் பக்கத்து இடத்தைத் தட்டினார்கள். "இங்கன வாங்க." அவர் சுற்றிக்கொண்டு வந்து ஏறினார், ஊன்றுகோலோடு சீனியம்மாளும் ஓரத்தில் ஏறிக்கொண்டாள். விற்பனைக்காரர் முன்னால் உட்கார்ந்தார். மழை விட்ட கரிசல் காடு இரண்டு பக்கமும் கறுப்பாகக் கிடந்தது. பருத்தி முழங்கால் உயரம் வந்திருந்தது. பின்னாலிருந்து அக்கா ஒவ்வொரு புஞ்சையாகப் பார்த்து இது யாருடையது, அது யார் விதைத்தது என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஜன்னல் பெரிய ஜன்னல். எல்லாம் தெரிந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு குண்டு குழிக்கும், "மெதுவா விடுலே, இங்கல்லா தூக்கிப் போடுது" என்றார்.

பசுவந்தனையில் தங்கச்சி வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினேன். பொன்னுத்தாய் ஓடி வந்தார்கள். அக்காவைக் கண்டதும், "ஐயோ, அக்கா! ஏலே, யாராவது வந்து பிடிங்களேன்!" என்று கத்தினார்கள். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள்.

"பிடிச்சா இப்படியே திரும்பிப் போயிருவேன்" என்றார்கள் அக்கா.

எல்லாரும் தள்ளி நின்றார்கள். அக்கா வலது காலைக் கையால் எடுத்துத் தரையில் வைத்தார்கள். இடது காலை ஊன்றினார்கள். சீட்டின் ஓரத்தை அழுத்தி, ஒரு மூச்சு நிறுத்தி, எழுந்தார்கள். சீனியம்மாள் ஊன்றுகோலை நீட்டினாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மணப்பெண் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தங்கச்சியிடம் சொன்னார்கள்:

"வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டல்லா. வாரேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்."